பழைய கணனிக்கு விடைகொடுக்கும் முன்...



வீட்டுச் சாமான் ஒன்றை மாற்றுவது நமக்குப் புதிய காரியமல்ல. அம்மியை விட்டு கிரைண்டருக்கு வந்தோம். விறகடுப்பை விட்டு காஸ் அடுப்புக்கு வந்தோம். 2022இல் காஸ் இல்லாமல் போனபோது மீண்டும் விறகடுப்புக்கே போய், பிறகு திரும்பி வந்தோம். இவற்றையெல்லாம் மாற்றும்போது பழையதை அகற்றிப் புதியதை வைத்தால் வேலை முடிந்துவிடும். ஏனென்றால் அம்மிக்குள் நாம் எதையும் சேர்த்து வைத்திருக்கவில்லை. கணனியோ பாதி அடுப்பு, பாதி அலுமாரி. அடுப்பை ஒரு நாளில் மாற்றிவிடலாம். அலுமாரியை மாற்றுவதென்றால் உள்ளே என்னென்ன இருக்கிறது, எது யாருடையது, எது பிறர் கண்ணில் படக்கூடாதது என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

நான் காத்தான்குடியில் வீட்டிலிருந்தபடியே டைப் செய்து கொடுப்பவள். 2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்த ஒப்பந்தம் வந்து, கொழும்புச் சாமான்கள் தாராளமாக நம் பக்கம் வரத் தொடங்கியதற்கு அடுத்த வருடம் முதல் கணனியை வாங்கினோம். அன்று முதல் பாடசாலை வினாத்தாள்கள், கலியாண அழைப்பிதழ்கள், மத்ரஸாக்களின் ஆண்டு அறிக்கைகள், வெளிநாடு போகிறவர்களின் விண்ணப்பங்கள் என்று என் கையால் அடித்தவற்றுக்குக் கணக்கில்லை. இதுவரை மூன்று முறை கணனி மாற்றியிருக்கிறேன். மாற்றப் போகிறோம், எதை வாங்கலாம் என்று கேட்டுப் பலர் வருகிறார்கள். எதை வாங்கலாம் என்பது அரை மணித்தியாலத்தில் சொல்லி முடிகிற விஷயம். பழையதை என்ன செய்வது என்பதை யாரும் கேட்பதில்லை. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு வீட்டுக்கு வீடு எழும்புகிறது என்பதை முதலில் பார்ப்போம். 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தன. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை தவணை நீடிப்பதாகவும் அறிவித்தார்கள். முடிவடைந்தது என்றால் கணனி நின்றுவிடும் என்று அர்த்தமல்ல. அது வழமைபோல எழும்பும், வேலை செய்யும். ஆனால் அதன் பூட்டுக்களில் எங்காவது ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க ஆள் இல்லை. வங்கிக் கணக்கைக் கணனியில் பார்க்கிற வீடுகளுக்கு இது அலட்சியப்படுத்தக்கூடிய விஷயமல்ல.

அடுத்து வந்த விண்டோஸ் 11ஐப் போட்டால் போகிறது என்று நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல். டீ.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புப் பகுதி கணனிக்குள் இருக்க வேண்டும் என்றும், இன்டெல் புரோசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்றும் அதற்கு நிபந்தனை உண்டு. எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல். அதற்கு முன் வாங்கிய நல்ல கணனிகளெல்லாம் ஒரே நாளில் ‘பழசு’ ஆகிவிட்டன. நல்ல மாட்டுக்கு வயது போனதென்று யாரோ தூரத்தில் இருந்து கொண்டு தீர்ப்புச் சொன்ன கதைதான்.

உங்கள் கணனி எத்தனையாம் தலைமுறை என்று அறிய யாரிடமும் போக வேண்டாம். ‘மை கொம்பியூட்டர்’ அல்லது ‘திஸ் பீசி’ என்ற படத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, கடைசியில் இருக்கும் ‘புரொப்பர்ட்டீஸ்’ என்பதைத் திறந்தால் புரோசசரின் பெயர் தெரியும். ஐ5-8250 என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் எண் 8, எனவே எட்டாம் தலைமுறை. ஐ5-10210 என்று ஐந்து எண்கள் இருந்தால் முதல் இரண்டு எண்களைச் சேர்த்து பத்து என்று வாசிக்க வேண்டும். ஐ3-4030 என்றால் நான்கு. கடையில் ‘ஐ5, ஐ7’ என்று மட்டும் சொல்லி விற்பார்கள். நான்காம் தலைமுறை ஐ7ஐ விட பத்தாம் தலைமுறை ஐ3 பல வேலைகளுக்கு மேல். ஐக்குப் பக்கத்திலுள்ள எண்ணில் மயங்காதீர்கள்.

எல்லோரும் புதிது வாங்கத்தான் வேண்டுமா? இல்லை. கணனி ஆமை வேகத்தில் போகிறதென்று வருகிறவர்களில் பாதிப்பேருக்கு நான் சொல்வது, ஹார்ட் டிஸ்கை மட்டும் மாற்றுங்கள் என்றுதான். பழைய ஹார்ட் டிஸ்க் என்பது நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழலும் ஒரு தட்டு. எழுத்தை எடுக்க ஊசி போல ஒரு முனை அந்தத் தட்டில் ஓடித் திரிய வேண்டும். அதற்குப் பதிலாக வந்திருக்கும் எஸ்.எஸ்.டீ.யில் சுழல்வதற்கு ஒன்றுமே இல்லை. ஐந்து நிமிஷம் எடுத்து எழும்பிய கணனி அரை நிமிஷத்துக்குள் எழும்பும். அத்துடன் நினைவகத்தை 8 ஜீபீ ஆக்கினால் பிள்ளையின் பாட வேலைக்கும் டைப் வேலைக்கும் இன்னும் சில வருடங்கள் ஓடும். விண்டோஸ் 11 ஏறாத இயந்திரத்தில் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச முறைமைகளைப் போடலாம். தமிழ், அறபு, சிங்களம் எல்லாம் அதில் நன்றாகவே வரும். ஆனால் அலுவலகம் கேட்கும் குறிப்பிட்ட மென்பொருள் ஏதாவது உங்களுக்குத் தேவையென்றால் அது லினக்ஸில் ஓடுமா என்று முதலில் விசாரித்துக் கொள்ளுங்கள். கோர் 2 டுவோ, பென்டியம் 4 காலத்துப் பெட்டிகளுக்கு மட்டும் செலவு செய்யாதீர்கள். அவற்றுக்குப் போடும் காசு வாவி மணலில் ஊற்றிய தண்ணீர்.

காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியது. வெளியிலிருந்து வரும் சாமானான கணனியின் விலையும் கூடவே ஏறியது. இலட்சத்துக்கு உள்ளே பார்த்தவர்கள் இலட்சங்களில் பார்க்க வேண்டி வந்தது. 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறத் தொடங்கியது இன்னொரு சங்கடம். வட்டியோடு தவணைக்கு எடுப்பதை நம் வீடுகள் விரும்புவதில்லை. பெண்கள் நமக்குள் பிடிக்கும் சீட்டு இதற்கு நல்ல வழி. நான் இரண்டாவது கணனியை வாங்கியது சீட்டுக் காசில்தான். அவசரப்பட்டு முதல் சீட்டை எடுக்காமல், நடுவில் வரும் சீட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அதற்கிடையில் பழையதில் இருப்பதையெல்லாம் ஆறுதலாக ஒழுங்குபடுத்தலாம். எனக்கு அந்த ஆறு மாதம்தான் உதவியது.

பாவித்த மடிக்கணனி வாங்குவதில் தவறில்லை. வெளிநாட்டு அலுவலகங்களில் கழித்தவை நல்ல நிலையில் வருவதுண்டு. கடையில் நின்றபடியே எல்லா எழுத்தையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். மின்வயரைக் கழற்றிவிட்டு அரை மணித்தியாலம் ஓடவிட்டு பற்றரி எவ்வளவு இறங்குகிறதென்று பாருங்கள். ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோய் ஓட்டினால் டிஸ்கின் ஆரோக்கியம் தெரியும். நினைவகம் 8 ஜீபீக்குக் குறையக்கூடாது. பிறகு கூட்ட இடமிருக்கிறதா, அல்லது பலகையிலேயே ஒட்டி வந்திருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள்.

இதையெல்லாம் கேட்டால் கடைத் தம்பிமார் நம்மைப் பார்க்காமல் கூட வந்த மகனையோ காக்காவையோ பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். ‘ராத்தா, உங்கட வேலைக்கு இதெல்லாம் தேவல்ல’ என்று ஒருவர் எனக்குச் சொன்னார். என் வேலை என்னவென்று அவருக்குத் தெரியாது. கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தாளைப் பார்த்ததும் பதில் வரும்.

புதிய கணனியை முதன்முதலில் திறக்கும்போது ஒரு கணக்கு, அதாவது மின்னஞ்சல் முகவரியும் இரகசியச் சொல்லும் கேட்கும். கடையில் நிற்பவர் தன் முகவரியையே போட்டுத் திறந்து தருவது நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. இதற்கு இடம் கொடுக்காதீர்கள். புதிய மடிக்கணனிகள் பலவற்றில் டிஸ்கில் உள்ளதெல்லாம் தானாகவே பூட்டி வைக்கப்படுகிறது. ஏதாவது பிசகு வந்தால் அதைத் திறக்க 48 எண்கள் கொண்ட ஒரு திறப்பு வேண்டும். அந்தத் திறப்பு யாருடைய கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கிறதோ அவர்தான் எடுத்துத் தர முடியும். வீட்டுத் திறப்பைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வருவோமா? உங்கள் பெயரில் கணக்கைத் திறந்து, அந்த 48 எண்ணையும் கையால் எழுதி, வீட்டு உறுதி வைத்திருக்கும் இடத்தில் வையுங்கள்.

இனி அலுமாரியின் உள்ளே போவோம்.

என் போன்று தமிழில் டைப் செய்தவர்களுக்குப் பெரிய வேலை பாமினிதான். இலங்கையில் கணனித் தமிழ் என்றாலே பல வருடங்கள் பாமினி எழுத்துருதான். அது உள்ளுக்குள் ஆங்கில எழுத்து, வெளிக்குத் தமிழ் உடுப்பு. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டினால் திரையில் ‘அம்மா’ என்று வரும். கணனி மனதில் வைத்திருப்பது அந்த ஆங்கில எழுத்துக்களைத்தான். அந்த எழுத்துரு இல்லாத புதிய கணனியில் கோப்பைத் திறந்தால் உடுப்பு கழன்றுவிடும். இருபது வருட வினாத்தாள்கள் எல்லாம் விளங்காத ஆங்கில எழுத்துக் குவியலாகக் கிடக்கும். அழிந்துவிட்டதென்று நினைத்து அழுதவர்களும் இருக்கிறார்கள். அழியவில்லை. பழைய கணனியின் ‘ஃபொன்ட்ஸ்’ கோப்புறையிலிருந்து பாமினியையும், வேறு தமிழ் எழுத்துருக்கள் பாவித்திருந்தால் அவற்றையும் பிரதி செய்து புதியதில் போட்டால் மீண்டும் தமிழ் தெரியும். இயந்திரத்தைக் கொடுத்த பிறகு எழுத்துருவின் பெயர்கூட நினைவில் வராது. ஆகவே முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

ஆனால் அது தற்காலிக ஏற்பாடுதான். கைபேசியிலும் மின்னஞ்சலிலும் அரச அலுவலகங்களிலும் இப்போது நடப்பது யூனிகோட். அதில் ‘அ’ என்பது உள்ளுக்கும் ‘அ’தான். பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. ஒட்டினால் மறுபக்கம் தமிழாக வரும். அதைக் கண்டு சந்தோஷப்பட்டு அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள். கோப்புக்கு இடையில் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த சொற்களையும், பாடசாலையின் ஆங்கிலப் பெயரையும், மின்னஞ்சல் முகவரியையும் அந்த மாற்றி விட்டுவைக்காது. எல்லாவற்றையும் தமிழாக்கி உளறல் பண்ணி வைக்கும். துண்டு துண்டாக, தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்து மாற்ற வேண்டும்.

நமக்கு மட்டும் இன்னொரு கவனம் தேவை. பாமினியில் ஜ, ஸ, ஷ, ஹ ஆகிய எழுத்துக்கள் சதுர அடைப்புக்குறி போன்ற ஓர விசைகளில் ஒளிந்திருக்கின்றன. நமது பெயர்கள் முழுக்க இந்த எழுத்துக்கள்தானே! ஹாஜரா, ஷம்ஸியா, ஜெஸீமா என்று ஒரு வகுப்புப் பட்டியலை மாற்றினால் இந்த எழுத்துக்களை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்க்க வேண்டும். சில மாற்றிகள் இவற்றை அடைப்புக்குறியாகவே விட்டுவிடும், சில விழுங்கிவிடும். அழைப்பிதழில் மணமகள் பெயர் பிழைத்தால் பகைதான் வரும். சான்றிதழில் பிழைத்தாலோ பிறப்புப் பத்திரத்துக்கும் அடையாள அட்டைக்கும் பொருந்தாமல் ஒரு பிள்ளை அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டிவரும். மத்ரஸா ஒன்றின் பதினைந்து வருடப் பெயர்ப் பதிவை மாற்றியபோது பழைய பிரதியை அச்செடுத்து வைத்து, மகள் வாசிக்க நான் சரிபார்த்தேன். நோன்பு மாதத்துப் பகல்கள் முழுக்க அதற்கே போனது.

விரல்கள் பழகிவிட்டதே, புதிய விசைப்பலகையை இந்த வயதில் எப்படிப் படிப்பது என்று பயப்படுகிற சகோதரிகளுக்கு ஒரு நல்ல செய்தி. என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி விசைப்பலகையையே தெரிவு செய்யலாம். விரல் பழைய பாதையிலேயே போகும், எழுத்து யூனிகோடாக விழும். எனக்கு இரண்டு நாளில் கை வந்துவிட்டது.

பேஜ்மேக்கரில் வேலை செய்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதற்குப் பின் அந்த மென்பொருள் வளரவில்லை. அதே நிறுவனத்தின் இன்டிசைன் மென்பொருளின் பழைய பதிப்புகள் அந்தக் கோப்புகளைத் திறந்தன, புதிய பதிப்புகள் திறப்பதில்லை. எனவே பழைய கணனி உயிரோடு இருக்கும்போதே முக்கியமான கோப்புகளைத் திறந்து ஒவ்வொன்றையும் பீ.டீ.எஃப். ஆக்கிவிடுங்கள். திருத்த முடியாவிட்டாலும் வாசிக்கவும் அச்சடிக்கவும் முடியும். அந்தக் காலத்து அழைப்பிதழ்களில் பிஸ்மியைக்கூட படமாகத்தான் ஒட்டினோம், அறபு எழுத்து அதில் ஏறாது. இப்போது தமிழும் அறபும் சிங்களமும் ஒரே வரியில் வருகின்றன. இந்த ஒன்றுக்காகவே புதியதுக்கு மாறலாம் என்பேன்.

பிரின்டரை மறந்துவிடாதீர்கள். அகலமான 25 ஊசிச் செருகி கொண்ட பழைய பிரின்டருக்குப் புதிய மடிக்கணனியில் இடமே இல்லை. யூ.எஸ்.பீ. பிரின்டராக இருந்தாலும் உங்கள் மாதிரிக்குப் புதிய விண்டோஸில் இயக்கி மென்பொருள் இருக்கிறதா என்று வாங்குமுன் பார்த்துவிடுங்கள். ஊதா நிற வட்டச் செருகி கொண்ட கீபோர்டும் பச்சை நிற மவுஸும்கூட அப்படித்தான். பழைய திரையை மட்டும் சிறிய மாற்றி ஒன்று வாங்கிப் பாவிக்கலாம்.

அடுத்தது போட்டோக்கள். எங்கள் ஊர் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நடுவில் கிடக்கும் நிலம். 1978 நவம்பர் 23ஆம் திகதி வந்த சூறாவளியில் நனைந்து ஒட்டிப்போன படங்களை உம்மா வெகு காலம் வைத்திருந்தார். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது கடற்கரைப் பக்கத்து வீடுகளில் அல்பங்கள் முழுதாகப் போயின. எங்கள் வீடு வாவிப் பக்கம் என்பதால் தப்பியது. கடற்கரையிலிருந்து வந்து எங்கள் வளவில் தங்கிய ராத்தா ஒருவரின் மூத்த மகன் அந்த அலையில் போய்விட்டான். அவனுடைய படம் ஒன்றுகூட அவரிடம் மிஞ்சவில்லை. அதற்கு முன் அவனுடைய வகுப்பின் விளையாட்டுப் போட்டிச் சஞ்சிகை ஒன்றை நான் டைப் செய்தபோது ஸ்கேன் பண்ணிய குழுப் படம் என் கணனியில் இருந்தது. மூன்றாவது வரிசையில் நிற்கிறான். அந்த முகத்தைப் பெரிதாக்கி அச்செடுத்துக் கொடுத்தேன். படம் தெளிவில்லை. அது இன்றும் ராத்தாவின் அலுமாரியில் இருக்கிறது. அந்தக் கோப்பை ஒவ்வொரு கணனிக்கும் நான் முதலாவதாக மாற்றுகிறேன்.

ஆகவே பிரதி செய்யும் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், அதில் ஒன்று வேறு இடத்தில் என்று இந்தத் துறையில் ஒரு கணக்குச் சொல்வார்கள். புதிய கணனியில் ஒன்று, வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, மூன்றாவது தண்ணீர் எட்டாத இன்னோர் ஊரில். என்னுடையது ஓட்டமாவடியில் சாச்சி வீட்டில் இருக்கிறது. கூகுளில் ஒரு கணக்குக்கு 15 ஜீபீ இலவசம், மிக வேண்டியவற்றை அங்கேயும் போடலாம். படங்கள் அளவில்லாமல் இலவசம் என்ற சலுகை 2021 ஜூன் முதலாம் திகதியுடன் போய்விட்டது. வட்ஸ்அப்பில் அனுப்பி அனுப்பி மாற்றாதீர்கள், சாதாரணமாக அனுப்பும் படத்தை அது சுருக்கிவிடும். வயர் போட்டு அல்லது டிஸ்க் மூலம் மாற்றுங்கள். 2000களில் எழுதிய சீடிகளை இப்போதே எடுத்துப் பாருங்கள். அவற்றின் சாயம் நம் ஊர்ப் புழுக்கத்தில் மங்கி வருகிறது, புதிய மடிக்கணனிகள் பெரும்பாலானவற்றில் சீடி போடும் இடமும் இல்லை. பென் டிரைவை மட்டும் நம்பி வருடக்கணக்கில் மூடி வைப்பதும் சரியல்ல.

பெண் பிள்ளைக்கு வீட்டை எழுதிக் கொடுக்கும் ஊர் நமது. மூத்தவளுக்குக் கலியாணமானால் வீடும், வீட்டோடு கணனியும் அவளுக்கென்று ஆகிவிடும், நாம் அடுத்த வீட்டுக்குப் போவோம். மருமகன் வந்து அதில் வேலை செய்யத் தொடங்கிய பிறகு, என் பழைய கோப்பு ஒன்று வேணும் மகன் என்று போய் நிற்பது ஒரு மாதிரி இருக்கும். கலியாணத்துக்கு நாள் குறித்ததுமே உங்கள் பிரதியை எடுத்துக் கொள்ளுங்கள்.

இப்போது சொல்லப்போவது எல்லாவற்றையும் விட முக்கியம். ஏறாவூரிலுள்ள என் மச்சி தன் பழைய கணனியைக் கடைக்குக் கொடுத்து புதியதின் விலையில் கழித்துக்கொள்ள இருந்தார். ‘எல்லாத்தையும் டிலீட் பண்ணி, குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிட்டன் மச்சி’ என்றார். ஒரு தடவை பார்ப்போமே என்று, அழிந்த கோப்புகளை மீட்கும் இலவச மென்பொருள் ஒன்றை ஓட்டினேன். கால் மணித்தியாலம் போயிருக்கும். மகளின் கலியாண வீட்டில் பெண்கள் மட்டும் இருந்து எடுத்த படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரத் தொடங்கின. தலையில் முக்காடில்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கும் குமருகள். அடுத்த வீட்டாரின் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். மச்சி ஒன்றும் பேசவில்லை. எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

கணனி ஒரு கோப்பை அழிக்கும்போது இடாப்பிலிருந்து அதன் பெயரை மட்டும்தான் வெட்டுகிறது. நூலகத்தில் அட்டவணையிலிருந்து ஒரு புத்தகத்தின் பெயரை வெட்டினால் புத்தகம் இராக்கையிலேயே இருப்பது போல, படம் தட்டிலேயே இருக்கும். வேறொன்று வந்து அதன் மேல் எழுதப்படும் வரைக்கும் தேடினால் கிடைக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிற ‘குயிக் ஃபோமட்’டும் அப்படியே. அந்த அடையாளத்தை எடுத்துவிட்டு முழு ஃபோமட் செய்தால், விண்டோஸ் விஸ்டாவிலிருந்து வந்த பதிப்புகள் தட்டு முழுவதையும் பூச்சியத்தால் நிரப்புகின்றன. அது முடிய மணித்தியாலக் கணக்கில் எடுக்கும். அவ்வளவு நேரம் எடுப்பதே அது உண்மையாக வேலை செய்கிறதென்பதற்கு அடையாளம். எஸ்.எஸ்.டீ. இருக்கும் கணனியானால் விண்டோஸின் ‘ரீசெட்’ பகுதியில் எல்லாவற்றையும் அகற்றி டிஸ்கையும் துப்புரவாக்கும் தெரிவைப் பாவிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் வசதியில்லையா? ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எடுத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொடுங்கள். மேசைக் கணனியில் பக்கத்து மூடியைக் கழற்றினால் உள்ளங்கை அளவில் கனமாக இருக்கும் பெட்டிதான் அது. நான்கு ஆணிகளும் இரண்டு வயர்களும்தான். விலையில் கொஞ்சம் குறைப்பார்கள், குறைக்கட்டும். மச்சியும் அப்படித்தான் கொடுத்தார். திருத்தக் கொடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். திரையோ மின்வழங்கியோ பழுதானால் டிஸ்கை வீட்டில் எடுத்து வைத்துவிட்டுக் கொடுக்கலாம், அவற்றைத் திருத்த டிஸ்க் தேவையில்லை. கொடுக்கும் இடத்தில் உள்ளவர் நல்லவராகவே இருப்பார். கடைக்கு எத்தனை பேர் வந்து போவார்கள் என்பது அவருக்கே தெரியாது. கைபேசிக்கும் இது பொருந்தும், அதைத் தனியாக எழுத வேண்டும்.

நம் பக்கத்து உப்புக் காற்றையும் இடியையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். இரு பக்கமும் உப்புத் தண்ணீர் இருப்பதால் செருகிகள் கெதியாகப் பச்சை பூத்துவிடும். மாரி காலத்தில் கணனியை நாட்கணக்கில் மூடி வைக்காமல் தினமும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், அதன் சூடே ஈரத்தை விரட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே அழகுக்குத் துணி போடாதீர்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையும் இணைய வயரையும் கழற்ற வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் மேசைக் கணனிக்காரர்கள் யூ.பி.எஸ். கத்தக் கத்த ஓடிவந்து கோப்பைச் சேமித்தார்கள். யூ.பி.எஸ்.ஸின் பற்றரியும் சில வருடங்களில் செத்துவிடும். இதை யோசித்துத்தான் இந்த முறை நான் மடிக்கணனி எடுத்தேன். பெரிய திரைதான் வேண்டுமென்றால் அதைத் தனியாக இணைக்கலாம்.

எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சும் வெற்றுப் பெட்டியையும் பழைய குண்டுத் திரையையும் வாவிக் கரையில் கொண்டுபோய்ப் போடுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தக் கண்ணாடிக்குள் ஈயம் இருக்கிறது. மீன் பிடித்துத் தின்னும் தண்ணீர் அது. சிறுவர்கள் செம்புக்காக வயர்களை எரிக்கும் புகையும் கூடாது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்று இலத்திரனியல் கழிவு சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் பக்கம் வரும் வரைக்கும் நனையாத மூலையில் வைத்திருங்கள். ஓடக்கூடிய நிலையில் இருந்தால், டிஸ்கைத் துப்புரவாக்கி லினக்ஸ் போட்டு, டைப் பழக விரும்பும் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கலாம். என்னுடைய இரண்டாவது கணனி இப்போது பூநொச்சிமுனையில் அப்படி ஒரு வீட்டில் இருக்கிறது.

கழற்றி எடுத்த ஹார்ட் டிஸ்கை உடனே உடைத்துவிடாதீர்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் ஆறு மாதத்துக்குள் தெரியவரும். அதை யூ.எஸ்.பீ.யில் இணைக்கும் வயர் தனியாகக் கிடைக்கிறது. உங்கள் டிஸ்கில் அகலமான நாடா வயர் போயிருந்தால் ஐ.டீ.ஈ. என்றும், ஒடுக்கமான வயர் போயிருந்தால் சாட்டா என்றும் சொல்லி அதற்குரியதைக் கேளுங்கள். டிஸ்கைப் பருத்தித் துணியில் சுற்றி, மேலே வருடத்தையும் உள்ளே என்ன இருக்கிறதென்பதையும் எழுதி ஒட்டி, அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை நோன்புக்கு முன் வீடு கழுவும்போது அதையும் எடுத்துச் செருகிப் பார்த்துவிட்டு வைத்தால் போதும்.